டாக்டர் சீட்டு இருந்தால் வழக்கு வராதா?

வணக்கம் நேயர்களே. குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் வழக்கு வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓட்டினாலும் அதே மாதிரி வழக்கு வரலாம் என்று சொன்னால் மட்டும், “அது எப்படி சார், நான் என்ன போதைக்கா போட்டேன்?” என்று கேட்கிறார்கள். வக்கீலாக இதைக் கேட்டுக் கேட்டு என் காது பழகிவிட்டது. நியாயமான கேள்விதான். ஆனால் மாத்திரை எங்கிருந்து வந்தது என்பது சட்டத்துக்கு இரண்டாம் பட்சம், வண்டியை ஓட்டிய நேரத்தில் நீங்கள் எந்த நிலையில் இருந்தீர்கள் என்பதைத்தான் அது முதலில் பார்க்கும்.

இந்தியாவின் மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். மதுவுக்கு 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்று ஒரு எல்லை இருக்கிறது. மருந்துக்கு அப்படி எண் கிடையாது, வண்டியைச் சரியாகக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்கு அதன் பாதிப்பில் இருந்தீர்களா என்பதே கேள்வி. 2019 திருத்தத்துக்குப் பிறகு மனமயக்கப் பொருள்களும் அந்தப் பிரிவில் வெளிப்படையாகவே சேர்ந்துவிட்டன, பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் எழுதிக் கொடுக்கும் பல மாத்திரைகள் அந்த வகைதான். கலிபோர்னியாவில் இன்னும் கறார்: மருந்தைப் பயன்படுத்த உங்களுக்கு உரிமை உண்டு என்பது தற்காப்பு ஆகாது என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்து 2015 மார்ச்சில் குறிப்பிட்ட சில மருந்துகளுக்குத் தனித்தனி எல்லை வைத்தது, பதற்றத்துக்குக் கொடுக்கும் டயஸிபாம் என்ற மருந்துக்கு ஒரு லிட்டர் ரத்தத்தில் 550 மைக்ரோகிராம். சொன்னபடி சாப்பிட்டேன் என்று காட்டினால் அங்கே தப்பிக்க வழி உண்டு, ஆனால் ஓட்டும்போது தடுமாறினீர்கள் என்றால் அதற்கு வேறு பிரிவு காத்திருக்கிறது.

சரி, போலீஸ் இதை எப்படிக் கண்டுபிடிக்கும்? ஊதச் சொல்லும் கருவி மதுவை மட்டும்தான் காட்டும். அதில் பூஜ்யம் வந்தும் கண் சொருகி, பேச்சு குழறினால் அடுத்த கட்டம் ஆரம்பிக்கும். அமெரிக்காவில் ஒரு கோட்டில் குதிகாலை நுனிக்காலோடு ஒட்டி வைத்து ஒன்பது காலடி நடந்து, திரும்பி, மறுபடி ஒன்பது காலடி நடக்கச் சொல்வார்கள், அப்புறம் ஒற்றைக் காலில் நிற்கச் சொல்வார்கள். எனக்கு இங்கேதான் கோபம் வரும். முதுகுவலிக்கு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு முதுகு ஏற்கெனவே வலிக்கிறது இல்லையா? அவர் தள்ளாடினால் மருந்தாலா, வலியாலா? வயது, மூட்டு, காலணி என்று எல்லாமே அந்த நடையில் கலந்துவிடும், அதனால் இந்தச் சோதனையை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க நிறைய இடமிருக்கிறது. ரத்தப் பரிசோதனையும் முடிவான பதில் தராது. டயஸிபாம் மாதிரி மருந்துகள் நாள்கணக்கில் உடம்பில் தங்கும், ஆக ரத்தத்தில் மருந்து இருந்தது என்பதை வைத்து ஓட்டும்போது மயக்கத்தில் இருந்தார் என்று சொல்லிவிட முடியாது.

பலர் மாட்டுவது மறுநாள் காலையில். ராத்திரி தூக்க மாத்திரை போட்டோம், விழித்தோம், தெளிவாகத்தான் இருக்கிறோம் என்று நினைத்துக் கிளம்புவார்கள். சோல்பிடெம் என்ற தூக்க மருந்து பெண்களின் உடம்பிலிருந்து மெதுவாக வெளியேறுகிறது, காலையில் வண்டி ஓட்டுவதைப் பாதிக்கும் அளவுக்கு ரத்தத்தில் மிஞ்சக்கூடும் என்று 2013-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைக்கச் சொன்னது. இதில் வம்பே, பாதிப்பில் இருக்கிறவருக்குத் தான் பாதிப்பில் இருப்பது தெரியாது. சளிக்குப் போடும் சில பழைய ஒவ்வாமை மாத்திரைகளும் இப்படித்தான், கூடவே ஒரு வாய் மது சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

இதைக் கேட்டுப் பயந்துபோய் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வலிப்பு மருந்தைத் திடீரென்று விட்டுவிட்டு ஓட்டுகிறவர் அதைவிடப் பெரிய ஆபத்து. புது மருந்து தொடங்கும்போதும் அளவு கூடும்போதும், எப்போதிலிருந்து வண்டி எடுக்கலாம் என்று டாக்டரிடம் நேராகக் கேட்டு, பதிலைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். வழக்கு என்று வந்துவிட்டால் அந்தச் சீட்டையும், மருந்து வாங்கிய பில்லையும், மீதி மாத்திரை உள்ள அட்டையையும் அப்படியே வக்கீலிடம் கொடுங்கள். அட்டையில் எத்தனை மாத்திரை மிச்சம் என்று நான் எண்ணிப் பார்ப்பேன், எதிர்த்தரப்பும் எண்ணும்.