வெளிநாட்டில இருந்து வந்து யாழ்ப்பாணத்தில சாப்பாட்டுக் கடை போடலாமோ?

ஸ்காபரோவில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா, "அண்ணா, நானும் அவரும் கனடாவை விட்டிட்டு வந்து யாழ்ப்பாணத்தில ரெஸ்டோரண்ட் போட நினைக்கிறம், காணி வாங்கிறது நல்லமோ வாடகை நல்லமோ, கடை ஓடுமோ" எண்டு.

வாங்கோ தங்கச்சி, நான் வேண்டாம் எண்டு சொல்லமாட்டன். ஆனா கனேடியப் பாஸ்போர்ட் மட்டும் வச்சிருந்தா 2014 ஆம் ஆண்டு 38 ஆம் இலக்கச் சட்டப்படி இஞ்ச காணி வாங்கேலாது, இரட்டைக் குடியுரிமை எடுத்தா வாங்கலாம், அம்மா அப்பான்ர காணி வாரிசுரிமையில வாறதெண்டா அதுக்குச் சட்டத்தில விலக்கு இருக்கு. இது தெரியாமல் சொந்தக்காரற்ற பேரில எழுதி, கடையையும் கட்டி, பேந்து முகம் பாத்துக் கதைக்காமல் போன குடும்பங்கள் இருக்கு. அதால முதல்ல வாடகைக்கே எடுங்கோ, எழுத்தில அக்ரிமென்ட் போட்டு.

இப்ப ஓடுமோ எண்ட கதைக்கு வாறன். ஜூலை ஆகஸ்டில வெளிநாட்டுச் சனம் வந்து நிறையிறதப் பாத்துக் கணக்குப் போடாதேங்கோ. அதுதான் நல்லூர்க் கந்தசாமி கோயில் திருவிழாக் காலமும், 25 நாள், ஊரில கன வீடுகளில மச்சமே, மீன் இறைச்சியே, காய்ச்சமாட்டினம். நீங்கள் நண்டும் கணவாயும் எண்டு மெனு அடிச்சு வச்சிருப்பியள், வாற ஆள் வாசல்ல நிண்டு "சைவத்துக்குத் தனிச் சட்டி அகப்பை இருக்கோ" எண்டு கேக்கும், இல்லையெண்டா அப்பிடியே திரும்பிப் போயிடும். நண்டும் லேசில்லை, பெரிசெல்லாம் ஏற்றுமதிக்கெண்டு கரையிலயே நிறுத்து எடுத்திடுவினம், பாசையூர் மீன் சந்தைப் பக்கம் விடியவே போய் ஆக்களப் பழகினாத்தான் உங்களுக்கு மிஞ்சும்.

செப்டம்பர் வந்தா பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம், வெளிநாட்டுச் சனம் திரும்பிப் போயிடும். பேந்து உங்கட கடைக்கு வாறது கம்பஸ் பெடியள், பாங்கில வேலை செய்யிற ஆக்கள், ஆஸ்பத்திரிக்கு நோயாளி பாக்க வந்த சனம். அவைக்கு வேணுமெண்டது மத்தியானப் பார்சல்தான், சோறு, மூண்டு கறி, ஒரு மீன் துண்டு, சொதி தனியாப் பையில கட்டி. சொதி தண்ணியாப் போச்செண்டா மற்ற நாள் வராயினம், அவ்வளவுதான். இஞ்ச யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில இருக்கிற அம்மாச்சி உணவகத்தில ஒரு பின்னேரம் இருந்து பாருங்கோ, ஊர்ப் பொம்பிளையள் கண்ணுக்கு முன்னால தோசை சுட்டுக் குடுக்கினம், அந்த விலையப் பாத்திட்டு உங்கட விலையப் போடுங்கோ, டொலரில யோசிக்காதேங்கோ.

வேலையாள் பிரச்சினையும் இருக்கு. நீங்கள் பழக்கி எடுக்கிற பெடியன் வெளிநாடு போக அலுவல் பாத்துக்கொண்டு நிப்பான், அவனில பிழை சொல்லேலாது. ஊரிலயே இருக்கப்போற அக்காமாரப் பிடியுங்கோ, நல்ல சம்பளம் குடுங்கோ, பின்னேரம் நேரத்தோட வீட்ட அனுப்புங்கோ. பதிவு பிரதேச செயலகத்தில, லைசென்ஸ் மாநகர சபையில, பி.எச்.ஐ, அதுதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வந்து அடுப்படி பாப்பார், அதுக்குப் பயப்பிடத் தேவையில்லை. எந்தப் பக்கம் கடை பாக்கிறியள் எண்டு எழுதுங்கோ தங்கச்சி, வாடகை விசாரிச்சுச் சொல்லுறன்.