120-ஐத் தாண்டினாலே கவனியுங்கள்

(உலக அரிவாள் செல் தினத்தையொட்டிக் கூடலூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மேடையில் வீற்றிருக்கும் மாவட்ட ஆட்சியர் அவர்களே, சுகாதாரத் துறை அதிகாரிகளே, கூட்டத்துக்கு மண்டபம் தந்து உதவிய நகராட்சித் தலைவர் அவர்களே, பணியர், இருளர், முள்ளுக்குறும்பர் ஊர்களின் பெரியவர்களே, கிராம சுகாதார செவிலியர்களே, விடியற்காலையில் பஸ் ஏறி வந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். ஆட்சியர் அவர்கள் அடுத்த கூட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு இங்கே அமர்ந்திருக்கிறார்கள். அதற்குத் தனி நன்றி.

ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோய்தான் அரிவாள் செல். இந்தியாவில் அது முதலில் கண்டறியப்பட்ட இடங்களில் ஒன்று நம் நீலகிரி, ஆண்டு 1952. இன்று சிறுநீரகம், நுரையீரல், மூளை ஆகிய மூன்றையும் ரத்த அழுத்தத்தோடு சேர்த்துப் பேச நினைக்கிறேன்.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். இந்த நோயில் ரத்த அழுத்தம் செய்யும் வேலை அதுதான்.

அரிவாள் செல் நோயாளிக்குப் பிரஷர் பொதுவாகக் குறைவாகவே இருக்கும். ரத்தசோகையால் நாளங்கள் தளர்ந்திருக்கும். சிறுநீரகமோ நீரையும் உப்பையும் பிடித்துவைக்க முடியாமல் வெளியே விட்டுவிடும். அதனால் மற்றவருக்கு நார்மல் என்று எழுதும் 125/78 இவருக்கு நார்மல் அல்ல. மேல் அளவு 120-ஐயோ கீழ் அளவு 70-ஐயோ தொட்டவர்களிடம் சிறுநீரகக் கோளாறும் நுரையீரல் நாள அழுத்தமும் கூடுதலாகக் காணப்படுகின்றன. உயர் ரத்த அழுத்தம் என்று வழக்கமாகச் சொல்லும் 140/90 வரட்டும் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

இங்கே ஒரு வரலாற்றைச் சொல்ல வேண்டும். கிரெனடா தீவிலிருந்து பல் மருத்துவம் படிக்கச் சிகாகோ போனார் வால்டர் கிளமென்ட் நோயல் என்ற இளைஞர். 1904 டிசம்பர், கடும் குளிர். இருமலோடு மருத்துவமனையில் சேர்ந்தார். எர்னஸ்ட் அயன்ஸ் என்ற பயிற்சி மருத்துவர் அவருடைய ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தார். வட்டமாக இருக்க வேண்டிய அணுக்களில் பல நீண்டும் வளைந்தும் கிடந்தன. இப்படி ஒன்றை அதுவரை யாரும் எழுதிவைத்திருக்கவில்லை. அவருடைய மேலதிகாரி ஜேம்ஸ் ஹெரிக் 1910-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். அந்த முதல் கட்டுரையிலேயே இன்னொரு குறிப்பும் இருக்கிறது: நோயாளிக்குச் சிறுநீர் அதிகம், அதுவும் நீர்த்துப் போகிறது! நோயல் படிப்பை முடித்து ஊர் திரும்பிப் பல் மருத்துவராகத் தொழில் செய்தார். 1916-இல் நிமோனியாவில் இறந்தபோது வயது 32. உலகமே வளைந்த அணுவைப் பார்த்தது. சிறுநீரைப் பார்த்தவர் குறைவு.

சிறுநீரகத்தின் உட்பகுதியில் ஆக்ஸிஜன் குறைவு, அமிலமும் உப்பும் அதிகம். அணு வளைவதற்கு அதைவிட ஏற்ற இடம் இல்லை. நுண்ணிய நாளங்கள் அடைபட்டு, சிறுநீரைச் செறிவாக்கும் திறன் சிறுவயதிலேயே போய்விடுகிறது. பிள்ளை படுக்கையை நனைத்தால் அடிக்காதீர்கள், அம்மா. அது நோயின் வேலை. தண்ணீரைக் குறைக்கவும் கூடாது. உடல் வறண்டால் வலி வரும்.

பிறகு சிறுநீரகத்தின் வடிகட்டியில் அல்புமின் என்ற ரத்தப் புரதம் சிறுநீருக்குள் கசியத் தொடங்கும். எறும்பு ஊரக் கல்லும் தேயும். தேய்வது வெளியே தெரியாது. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று அறிய ரத்தத்தில் பார்க்கும் கிரியாட்டினின் என்ற தசைக் கழிவின் அளவை மட்டும் நம்பி இருக்காதீர்கள். இவர்களுக்குத் தசை குறைவு. சிறுநீரகக் குழாய்களும் கிரியாட்டினினைக் கூடுதலாக வெளியேற்றும். 0.4 இருந்தது 0.8 ஆனால் லேப் ரிப்போர்ட் நார்மல் என்றுதான் சொல்லும். சிறுநீரகமோ ஏறக்குறைய பாதி வேலையை இழந்திருக்கும். 10 வயதிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை காலையின் முதல் சிறுநீரில் அல்புமின்-கிரியாட்டினின் விகிதம் பாருங்கள். ஒரு கிராமுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டினால் மறுபடி பார்த்து உறுதி செய்யுங்கள். எனலாப்ரில், லோசார்ட்டன் போன்ற மருந்துகள் கசிவைக் குறைக்கும். தொடங்கிய ஓரிரு வாரத்தில் பொட்டாசியம் பார்க்க வேண்டும்; கர்ப்பிணிக்குக் கொடுக்கக் கூடாது. பெரியவர்களுக்கு ரத்த அழுத்த இலக்கு 130/80-க்குள். நீர் பிரியும் மாத்திரையில் எச்சரிக்கை தேவை. சிறுநீரகம் பழுதானவர் டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் பக்கம் போகவே கூடாது.

நுரையீரலுக்கும் மூளைக்கும் இன்று நேரம் போதாது. இதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது: பிரஷர் பார்க்கும்போது கையில் சுற்றும் பட்டை, அதாவது கஃப்.

நம் ஊர்களில் பலருக்குக் கை மெலிவு. 22 முதல் 26 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள கைக்குச் சிறிய கஃப் வேண்டும். துணை சுகாதார நிலையத்தில் இருப்பது பெரும்பாலும் பெரியவர்களுக்கான வழக்கமான கஃப் ஒன்றுதான். அது அளவை மூன்று நான்கு புள்ளி குறைத்துக் காட்டும். 122 இருப்பவர் 118 என்று கார்டில் எழுதி வீட்டுக்கு அனுப்பப்படுவார். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று மூன்றாவது முறை சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த நான்கு புள்ளியில்தான் அந்த எறும்பு ஒளிந்திருக்கிறது. செவிலியர் சகோதரிகளே, முதலில் மேல்கையை டேப்பால் அளந்து பாருங்கள். ஐந்து நிமிடம் உட்காரவைத்து, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிந்து, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க, ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை பாருங்கள்.

2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாதோலில் தொடங்கிய தேசிய அரிவாள் செல் ஒழிப்பு இயக்கம் 40 வயது வரை உள்ளவர்களுக்குப் பரிசோதனை செய்கிறது. வரவேற்கிறேன். நோய் உண்டு என்று கண்டுபிடித்த பிறகு அந்த மனிதரின் பிரஷரையும் சிறுநீரையும் பார்க்க வேண்டாமா? ஆட்சியர் அவர்களிடம் எங்கள் கோரிக்கை இரண்டு: பழங்குடி ஊர்களுக்கான ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்துக்கும் ஒரு சிறிய கஃப், நோயாளி கார்டில் ரத்த அழுத்தத்துக்கும் சிறுநீர் அல்புமினுக்கும் தனித்தனிக் கட்டம். மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போடுங்கள், போட வராதவர்கள் கைநாட்டு வையுங்கள். போகும்போது பக்கத்து அறையில் கைச் சுற்றளவை அளந்து கார்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.