பக்கத்தில் உட்கார வைத்தால் போதுமா?

நடுவர் அவர்களே, நான் எங்கே சறுக்குவேன் என்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கும் எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

"மழலைப் பருவத்தில் பிறரைப் புரிந்து ஏற்கும் மனத்தைப் பெரிதும் வளர்ப்பது கதைப் புத்தகமா, கூடிப் பழகும் அனுபவமா?" இதுதான் தலைப்பு. கதைப் புத்தகமே என்று வாதாட வந்திருக்கிறது எங்கள் அணி. எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் ஒரு கேள்வி கேட்டார். "நீச்சலைப் புத்தகம் படித்துக் கற்றவன் உண்டா?" என்றார். நீங்களும் பலமாகக் கைதட்டினீர்கள். இல்லைதான் ஐயா, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தண்ணீரில் தள்ளிவிடப்பட்ட எல்லாரும் நீந்திக் கரையேறிவிட்டார்களா? அதையும் அவரே சொல்லியிருக்கலாம்.

பழகினால் வெறுப்பு குறையும் என்பது நேற்றுப் பிறந்த கருத்து இல்லை. கோர்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954இல் விரிவாக எழுதினார். எதிரணி அதில் பாதியைச் சொன்னது. மீதியை நான் சொல்லிவிடுகிறேன். வெறுமனே பழகினால் போதாது என்றார் அவர். இரு தரப்பும் சம நிலையில் இருக்க வேண்டும், ஒரே இலக்கு வேண்டும், அதை அடைய ஒத்துழைக்க வேண்டும், மேலே இருப்பவர்களின் ஆதரவும் வேண்டும். நாலு வயதுப் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் இந்த நான்கும் தானாக வந்து சேருமா நடுவர் அவர்களே? யாரைச் சேர்த்துக்கொள்வது, யாரை விடுவது என்று அங்கே கண்மூடித் திறப்பதற்குள் முடிவாகிவிடும். விடப்பட்ட பிள்ளை ஓரமாக நிற்கும். மற்ற பிள்ளைகள் அதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். அதுவும் ஒரு பாடம்தானே? அதைத் தினமும் நடத்துவது யார்? நீங்கள் சொல்லும் அதே 'அனுபவம்'தான்.

அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியலாளர் தம்பதி 1947இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. 3 முதல் 7 வயதுவரையிலான 253 கறுப்பினக் குழந்தைகள். அவர்கள் முன் வெள்ளைத் தோல் பொம்மையும் பழுப்புத் தோல் பொம்மையும். "எது நல்ல பொம்மை? எதோடு விளையாட உனக்குப் பிடிக்கும்?" பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைத்தான் காட்டினார்கள். இந்தச் செய்தி பலருக்குத் தெரியும். பலர் கவனிக்காத பகுதி ஒன்று இருக்கிறது. அந்தக் குழந்தைகளில் ஒரு பகுதியினர் தென்மாநிலத்தில், கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று பிரித்து வைத்த பள்ளிகளில் படித்தவர்கள். மற்றவர்கள் வடக்கே, எல்லா இனத்தவரும் கலந்து படித்த பள்ளிகளில் இருந்தவர்கள். கலந்து படித்த குழந்தைகளிடம் அந்த விருப்பம் குறைந்திருக்க வேண்டுமல்லவா? குறையவில்லை.

தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை ஒழியத்தான் வேண்டும். 1954இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று தீர்ப்பளித்தபோது, கென்னத் கிளார்க்கின் ஆய்வையும் அடிக்குறிப்பில் சுட்டியது. கதவைத் திறந்தது சரி. திறந்த கதவு வழியாக உள்ளே வந்த பிள்ளையை எப்படிப் பார்ப்பது என்று உள்ளே இருக்கும் பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுப்பது? இங்கேதான் எங்கள் அணி வருகிறது.

சக்கர நாற்காலியில் ஒரு குழந்தை வகுப்புக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருக்கும் பொடியன் சத்தமாகக் கேட்கிறான்: "இவள் ஏன் நடக்க மாட்டேன் என்கிறாள்?" பெரியவர்கள் என்ன செய்கிறோம்? "உஷ்! அப்படியெல்லாம் கேட்கக் கூடாது!" முடிந்தது கதை. கேள்வி கேட்டவனுக்குப் பதில் கிடைக்கவில்லை. இது பேசக் கூடாத சங்கதி, ஏதோ அசிங்கமான சங்கதி என்று மட்டும் மனதில் பதிந்துவிட்டது. அந்தப் பெண் குழந்தைக்கோ, தன்னைப் பற்றி எல்லாரும் வாயை மூடிக்கொள்கிறார்கள் என்பது தெரிந்துவிட்டது.

அதே கேள்வியை ஒரு படக்கதையை நடுவில் வைத்துக்கொண்டு கேட்கட்டும். எத்தனை நேரம் வேண்டுமானாலும் உற்றுப் பார்க்கலாம். விரலை வைத்துக் காட்டலாம், அபத்தமாகக் கேட்கலாம், மறுபடி மறுபடி கேட்கலாம். படத்தில் இருக்கும் குழந்தை தலைகுனியாது. எதிரணி நண்பர்களிடம் பணிவாகவே கேட்கிறேன்: கூடிப் பழகுவதே பாடம் என்றால், அந்தப் பாடத்துக்கு உயிருள்ள ஒரு குழந்தையைக் கற்பித்தல் கருவியாக வைக்கிறீர்களே, அவளிடம் சம்மதம் கேட்டீர்களா? மற்றவர்களுக்கு இரக்கம் கற்றுக்கொடுக்கவா அவள் பள்ளிக்கு வந்தாள்? அவளும் எழுத்துக் கற்க வந்தவள்தானே!

"இதெல்லாம் பேச்சுக்கு நன்றாக இருக்கிறது, ஆதாரம் எங்கே?" என்று அந்தப் பக்கம் ஒருவர் முணுமுணுப்பது இங்கே கேட்கிறது. இதோ. பிரிட்டனில் லின்ட்சி கேமரன், ஆடம் ரட்லண்ட் என்ற இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வு. மாற்றுத்திறன் இல்லாத, 5 முதல் 10 வயதுவரையிலான பிள்ளைகளுக்கு ஆறு வாரம் கதை படித்துக் காட்டினார்கள். மாற்றுத்திறனுள்ள பிள்ளையும் மற்றொரு பிள்ளையும் நண்பர்களாக இருக்கும் கதைகள். படித்து முடித்ததும் சிறு குழுவாக உட்கார்ந்து பேசவும் வைத்தார்கள். பிள்ளைகளின் மனப்பான்மை மாறியது. இதைவிடச் சுவையான விஷயம் ஒன்று சொல்கிறேன். கதைகளை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார்கள். நட்பை மட்டும் சொன்னது ஒன்று. 'இவனுக்கு இது பிடிக்கும், அவளுக்கு அது பிடிக்கும்' என்று தனித்தனிக் குணங்களை முன்னால் வைத்தது ஒன்று. மூன்றாவது, அந்தப் பிள்ளை மாற்றுத்திறனாளி என்பதையும் மறைக்காமல் சொன்னது. எது நன்றாக வேலை செய்தது தெரியுமா? மூன்றாவது! 'வித்தியாசத்தைப் பேசாதே, எல்லாரும் ஒன்றுதான் என்று சொல்லிவிடு' என்பது நம் வீட்டுப் பெரியவர்களின் வழக்கம். நல்ல எண்ணம்தான், பலன் குறைவு.

அடுத்து எதிரணியின் இரண்டாம் பேச்சாளர். நரியும் காக்கையும் சிங்கமும் முயலும் கேட்டு வளர்ந்த தலைமுறைகள் என்ன கிழித்துவிட்டன என்று கேட்டார். அவர் கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது. அதை என் பக்கம் இழுத்துக்கொள்கிறேன். டொரொண்டோ பல்கலைக்கழகத்தில் 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளுக்குப் பகிர்ந்துகொள்ளும் கதையைப் படித்துக் காட்டிச் சோதித்தார்கள், 2017இல் வெளியானது. ஒரு குழுவுக்கு மனிதப் பாத்திரங்கள், இன்னொரு குழுவுக்கு உடை போட்ட விலங்குகள். கதை கேட்ட பிறகு, தங்களுக்குக் கிடைத்த ஸ்டிக்கர்களில் எத்தனையை இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்கிறார்கள் என்று எண்ணினார்கள். மனிதக் கதை கேட்டவர்கள் முன்பைவிட அதிகம் கொடுத்தார்கள். விலங்குக் கதை கேட்டவர்களிடம் அப்படி எதுவும் கூடவில்லை. ஆக, கதையே வேண்டாம் என்றல்ல, எந்தக் கதை என்று கேளுங்கள் என்கிறது ஆய்வு. முயலுக்கு நான் எதிரி இல்லை. ஆனால் பக்கத்து இருக்கைப் பிள்ளையைப் புரிந்துகொள்ள, பக்கத்து இருக்கைப் பிள்ளை மாதிரி ஒருத்தியைக் கதையில் காட்டுங்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அடுத்தவர் மனதில் இருப்பது தன் மனதில் இருப்பதிலிருந்து வேறு என்று குழந்தைக்கு எந்த வயதில் புரிகிறது? இதைச் சோதிக்க 1983இல் ஹைன்ஸ் விம்மர், யோசெஃப் பெர்னர் என்ற இரு ஆய்வாளர்கள் என்ன கருவி செய்தார்கள்? ஒரு கதை சொன்னார்கள்! மாக்ஸி ஒரு அலமாரியில் சாக்லேட்டை வைத்துவிட்டு வெளியே போகிறான். அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வந்த மாக்ஸி எங்கே தேடுவான்? மூன்று வயதுப் பிள்ளை, சாக்லேட் இப்போது இருக்கும் இடத்தைக் காட்டும். நாலைந்து வயதில்தான், "பாவம், அவனுக்குத் தெரியாதே" என்று பழைய அலமாரியைக் காட்டத் தொடங்கும். அடுத்தவர் மனதுக்குள் எட்டிப் பார்க்க ஆய்வுக்கூடமே கதையைத்தான் நம்பியது.

எதிரணி வைத்ததில் கனமான வாதம் ஒன்றுதான். புத்தகங்களே பலரை ஒதுக்கி வைத்திருக்கின்றனவே என்றார்கள். உண்மை. 1965இல் நான்சி லாரிக் என்ற அம்மையார், அமெரிக்காவில் மூன்றாண்டுகளில் வெளிவந்த 5,206 சிறுவர் நூல்களைக் கணக்கெடுத்தார். ஒரே ஒரு கறுப்பினப் பாத்திரமாவது இருந்த நூல்கள் 6.7 சதவீதம். வெட்கக்கேடு. ஆனால் நடுவர் அவர்களே, ஒதுக்கி வைத்துக் காயப்படுத்தும் வலிமை புத்தகத்துக்கு உண்டு என்று எதிரணியே ஒப்புக்கொண்டபின், அணைத்துக்கொள்ளும் வலிமை மட்டும் அதற்கு எப்படி இல்லாமல் போகும்? அந்த வறட்சிக் காலத்திலேயே, 1962இல், எஸ்ரா ஜாக் கீட்ஸ் என்ற எழுத்தாளர், ஓவியர் ஒரு படக்கதை செய்தார். பீட்டர் என்ற கறுப்பினச் சிறுவன் பனியில் விளையாடுகிறான். அவ்வளவுதான் கதை. இனத்தைப் பற்றி ஒரு சொல் கிடையாது, உபதேசம் கிடையாது. அடுத்த ஆண்டே, சிறந்த சிறுவர் படநூலுக்கு அமெரிக்காவில் தரும் கால்டிகாட் பதக்கம் பெற்றது. பீட்டரைப் போன்ற பிள்ளைக்குத் தன் முகம் தெரிந்தது; மற்ற பிள்ளைக்கு இன்னொரு வீடு தெரிந்தது. ஒரே புத்தகம், இரண்டு வேலை.

மணி அடித்துவிட்டார்கள், ஒரே நிமிடம். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, நாஜிகளுக்கு அஞ்சி வெளியேறியிருந்த யெல்லா லெப்மன் என்ற யூதப் பெண்மணி ஜெர்மனிக்குத் திரும்பினார். அங்கே பிள்ளைகளுக்கு நல்ல புத்தகம் இல்லை. நேற்றுவரை எதிரியாக இருந்த நாடுகளுக்கெல்லாம் கடிதம் எழுதி, அவர்கள் நாட்டுச் சிறுவர் நூல்களைக் கேட்டு வாங்கி, 1946இல் மியூனிக்கில் கண்காட்சி வைத்தார். 1949இல் அது பன்னாட்டு இளையோர் நூலகமாக வளர்ந்தது. இடிந்து கிடந்த ஊரின் பிள்ளைகள், எதிரி நாட்டுப் பிள்ளைகளோடு எங்கே போய்க் கூடிப் பழகியிருக்க முடியும்?

அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளர் இதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்கட்டும்: ஒரே மொழி, ஒரே நிறம், ஒரே மாதிரி வீடு என்று அத்தனை பிள்ளைகளும் ஒன்று போலவே உட்கார்ந்திருக்கும் ஒரு வகுப்பறையில், யாரோடு பழகி யாரைப் புரிந்துகொள்ளச் சொல்கிறீர்கள் ஐயா? நன்றி, வணக்கம்.