ஆவியின் அளவு திரியின் கையில்

நேயர்களுக்கு வணக்கம். பிரிட்டனில் 2025 ஜூன் 1 முதல், தீர்ந்ததும் தூக்கி எறியும் வேப் கருவிகளை, அதாவது நிகோட்டின் திரவத்தைச் சூடாக்கி ஆவியாக இழுக்கும் மின்சிகரெட்டுகளை, விற்கத் தடை. அதற்கப்புறம் பலரும் திரவம் ஊற்றிப் பயன்படுத்தும் கருவிக்கு மாறியிருக்கிறார்கள். அவர்களில் கொஞ்சம் கைவேலை தெரிந்தவர்கள், சூடேறும் கம்பிச் சுருளான காயிலையும் அதற்குத் திரவத்தைக் கொண்டுவரும் திரியையும் தாங்களே செய்து பார்க்கிறார்கள். "எப்படிச் சுற்றினால் ஆவி நிறைய வரும்?" என்பதுதான் அவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி. அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

சிகரெட்டை விட்டு இதற்கு வந்த பெரியவர்களுக்காகத்தான் இந்தப் பேச்சு. புகைப் பழக்கமே இல்லாதவர்கள் இதைத் தொட வேண்டாம். 18 வயது ஆகாதவருக்கு விற்பது இங்கே குற்றம். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் நிகோட்டின் திரவத்தைப் பூட்டித்தான் வைக்க வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். வாயிலிருந்து வெள்ளையாக வருகிறதே, அது புகை இல்லை. அங்கே எதுவும் எரியவில்லை, எரியவும் கூடாது. புரோப்பிலீன் கிளைகால், கிளிசரின் என்ற இரண்டு திரவங்கள் சூடாகி ஆவியாகின்றன. வெளிக்காற்று பட்டதும் அந்த ஆவி குளிர்ந்து நுண்துளிகளாக மாறுகிறது. நாம் பார்ப்பது அந்தப் பனிமூட்டத்தைத்தான். புரோப்பிலீன் கிளைகால் 188 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். கிளிசரினுக்கு 290 டிகிரி வேண்டும். அடர்த்தியான வெள்ளை மூட்டம் கிளிசரினால்தான் வருகிறது. அதனால் ஆவி நிறைய வேண்டும் என்பவர்கள் 100 பங்கில் 70 பங்கோ அதற்கு மேலோ கிளிசரின் உள்ள திரவத்தை வாங்குவார்கள். ஆனால் கிளிசரின் பாகு போலக் கெட்டியானது, திரிக்குள் மெதுவாகத்தான் ஏறும். சிக்கலெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

பெரும்பாலானவர்கள் முதலில் கம்பியைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். என்ன கம்பி, எத்தனை சுற்று, எத்தனை வாட் என்றுதான் பேச்சு. கம்பி முக்கியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு இழுப்பில் எவ்வளவு ஆவி வரும் என்பதற்கு எல்லை போடுவது திரி. திரி கொண்டுவந்து கொடுக்கும் திரவத்துக்கு மேல் ஒரு துளிகூடக் கம்பியால் ஆவியாக்க முடியாது. அதற்கு மேல் கொடுக்கிற சூடு எல்லாம் பஞ்சைக் கருக்கத்தான் போகும். இது மனதில் பதிந்துவிட்டால் மீதி எல்லாம் தானாகவே பிடிபடும்.

கம்பியைப் பார்ப்போம். பழகுபவர்களுக்கு ஏற்றது காந்தால். இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த உலோகம் அது. ஸ்வீடனின் ஹால்ஸ்டாஹம்மர் ஊரில் ஹான்ஸ் வான் கான்ட்சோவ் என்பவர் உருவாக்கியது. 1931இல் அதற்கென்றே ஒரு நிறுவனமும் தொடங்கினார். தொழிற்சாலை உலைகளுக்குள் சூடேற்றும் கம்பியாக இருப்பதும் இதுதான். சூடாகும்போது இதன் மேல் அலுமினியம் ஆக்சைடு படலம் ஒன்று மெல்லியதாகப் படிந்து கம்பியைக் காக்கிறது. நைக்ரோம், 316எல் துருப்பிடிக்காத எஃகு ஆகியவற்றையும் பயன்படுத்துகிறார்கள். நிக்கல், டைட்டானியம் கம்பிகள் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் கருவிகளுக்கு உரியவை. அந்த இரண்டையும் திரியில்லாமல் சிவக்கக் காய்ச்சவே கூடாது.

ஒரு கணக்கு சொல்கிறேன், பேனா இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். 26 கேஜ் காந்தால், அதாவது 0.4 மில்லிமீட்டர் கனமுள்ள கம்பி. அதை 3 மில்லிமீட்டர் கனமுள்ள கோலின் மேல் அல்லது திருப்புளியின் தண்டில் நெருக்கமாக 7 சுற்று. சுருளின் இரு முனையிலும் நீளும் கால்களையும் சேர்த்தால் அதன் மின்தடை ஏறக்குறைய 1 ஓம். அதே மாதிரி இன்னொன்று சுற்றி இரண்டையும் பக்கவாட்டில் இணைத்தால் அரை ஓம். முழுதாக சார்ஜ் ஏறிய பேட்டரி 4.2 வோல்ட். அதை அரை ஓமால் வகுத்தால் 8.4 ஆம்பியர், சக்தி 35 வாட். வீட்டில் பழகுகிறவருக்கு இது நல்ல தொடக்கம். ஆவியும் தாராளமாக வரும், பேட்டரிக்கும் சுமையில்லை.

"இன்னும் தடித்த கம்பி போட்டால் இன்னும் அதிகம் வருமே?" என்று கேட்பார்கள். கம்பியின் கனத்தை இரட்டித்தால் அதே நீளத்தில் மேற்பரப்பு இரண்டு மடங்காகும், சரி. ஆனால் எடை நான்கு மடங்காகிறது. அவ்வளவு உலோகமும் சூடேற நேரம் எடுக்கும். பொத்தானை அழுத்திவிட்டு ஆவிக்காகக் காத்திருக்க வேண்டும், விட்ட பிறகும் அது சுட்டுக்கொண்டே இருக்கும். இதற்கு வழியாக வந்ததுதான் கிளாப்டன் காயில். நடுவில் ஒரு கம்பி, அதன் மேல் தலைமுடி போன்ற மெல்லிய கம்பி நெருக்கமாகச் சுற்றப்பட்டிருக்கும். பார்க்கக் கிட்டார் நரம்பு மாதிரியே இருப்பதால் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டனின் பெயர் வந்தது. அந்தச் சுற்றுகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய பள்ளங்களில் திரவம் தங்குகிறது. மேற்பரப்பும் கூடுகிறது. எடையும் கூடத்தான் செய்கிறது. ஆனாலும் வெறும் தடித்த கம்பியைவிட இது மேல்.

காயிலைப் பொருத்தியதும் பஞ்சு வைக்காமல், குறைந்த வாட்டில், ஒரு நொடி அழுத்தி ஒரு நொடி விட்டுப் பாருங்கள். சிவப்பு நடுவில் தொடங்கி இரண்டு ஓரங்களுக்கும் ஒரே சீராகப் பரவ வேண்டும். ஓரிடம் மட்டும் பளிச்சென்று முன்னால் சிவந்தால் அங்கே சுற்றுகள் சரியாகச் சேரவில்லை. பீங்கான் முனை உள்ள இடுக்கியால் காயிலை மெல்ல வருடிவிட்டு, சூட்டோடு இரண்டு பக்கத்திலிருந்தும் லேசாக நெருக்குங்கள். கால்கள் முதலில் சிவந்தால் திருகு சரியாக இறுகவில்லை அல்லது கால் நீளமாகிவிட்டது. இதற்குப் பொறுமை வேண்டும். இரண்டு காயில்களும் ஒரே கணத்தில், ஒரே நிறத்தில் சிவக்கும் வரைக்கும் விடக்கூடாது.

இனி திரி. தொடக்கத்தில் சிலிக்கா நூல்தான் இருந்தது. இப்போது பெரும்பாலும் பஞ்சு. வெளுக்காத, மெழுகு நீக்கிய சுத்தமான பஞ்சு வேண்டும். பச்சைப் பஞ்சில் இயற்கையாகவே மெழுகு இருப்பதால் அது திரவத்தைத் தள்ளிவிடும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போலத்தான் இதிலும் இழைகளுக்கு நடுவே திரவம் ஏறுகிறது. ஆனால் விளக்கில் திரி எரியலாம், இங்கே எரியவே கூடாது.

பஞ்சுப் பட்டையிலிருந்து நீளவாக்கில் ஒரு கீற்றைக் கிழித்து, உள்ளங்கைகளுக்கு நடுவே லேசாக உருட்டுங்கள். முறுக்காதீர்கள், முறுக்கினால் இழைகளுக்கு நடுவே இடம் இருக்காது. ஒரு முனையை மட்டும் நாக்கால் நனைத்துக் கூராக்கிக் காயிலுக்குள் நுழைத்து இழுங்கள். அந்த இழுப்பில்தான் எல்லாம் தெரியும். வழுக்கிக்கொண்டு போனால் பஞ்சு குறைவு. அப்போது கம்பிக்கும் பஞ்சுக்கும் இடையே காற்று நிற்கும், திரவம் வாயில் தெறிக்கும். காயில் பஞ்சோடு சேர்ந்து சாய்ந்தால் பஞ்சு அதிகம், நடுவில் நெரிந்து திரவம் வரும் வழி அடைந்துவிடும். காயில் அசையாமல், பஞ்சு மட்டும் சின்னத் தயக்கத்தோடு நகர வேண்டும். அதுதான் அளவு. பஞ்சு நனைந்ததும் ஊதும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ரேயான் போடுபவர்கள் இதைவிட நெருக்கமாக வைக்கலாம்.

அப்புறம் காயிலுக்கு வெளியே நீளும் பஞ்சின் இரண்டு வாலையும் வெட்டி, இடுக்கி முனையால் சீவி உதிரியாக்குங்கள். திரவத்தைத் திரியிலேயே சொட்டு விட்டு இழுக்கும் கருவி வகையில் வால்கள் அடித்தளத்தைத் தொட்டும் தொடாமலும் படிந்திருந்தால் போதும், குழிக்குள் திணிக்க வேண்டாம். தொட்டி உள்ள வகையில் வால் முனைகள் திரவம் வரும் துளைகளை மூடியிருக்க வேண்டும், ஆனால் அடைக்கக் கூடாது. மூடாவிட்டால் ஒழுகும், அடைத்தால் வறளும். நான் பார்த்தவரையில் ஆவி வரவில்லை என்று கொண்டுவரும் கருவிகளில் முக்கால்வாசிக்கு இந்த வால்தான் காரணம். அவர்களோ அதற்குள் புதுக் கம்பியும் பெரிய பேட்டரியும் வாங்கியிருப்பார்கள்.

திரி வறண்டால் கரகரப்பு மட்டும் வருவதில்லை. அதிகச் சூட்டில் கிளிசரினும் கிளைகாலும் உடைந்து ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்ற நச்சுகள் உண்டாகின்றன. 2015 ஜனவரியில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த ஓர் ஆய்வுக் கடிதம் பெரும் பரபரப்பாகியது. 3.3 வோல்ட்டில் அந்த ஃபார்மால்டிஹைடு சேர்மங்கள் தென்படவில்லை, 5 வோல்ட்டில் தென்பட்டன என்றது. கருவியை வறண்டுபோகுமளவுக்குச் சூடேற்றிய நிலை அது, மனிதன் அந்தச் சுவையைத் தாங்கியே இருக்க மாட்டான் என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். இரு தரப்பு வாதத்தையும் படித்தால், திரி நனைந்திருக்கிறதா இல்லையா என்பதுதான் நடுநாயகமாக நிற்கிறது. கருகல் சுவை நாக்கில் பட்ட அந்த நொடியே பொத்தானை விடுங்கள். "இன்னும் இரண்டு இழுப்புதானே" என்று இழுக்காதீர்கள்.

காற்றைப் பற்றிச் சுருக்கமாக. வாட் கூடும்போது காற்றுத் துளையையும் அகலமாகத் திறக்க வேண்டும். காற்றுதான் ஆவியைத் துளியாக்குகிறது, காயிலையும் குளிர்விக்கிறது. ஆவி கூடினால் உள்ளே போகும் நிகோட்டினும் கூடும். இங்கே சட்டப்படி மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் வரை விற்கலாம். அது சின்னக் கருவிகளுக்கு உரியது. அரை ஓம் காயிலில் அதை ஊற்றினால் தலைசுற்றலும் குமட்டலும் வரும். 3 மில்லிகிராம் போதும்.

பேட்டரி விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. 18650 என்ற வகை, 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். நல்ல தயாரிப்புகளே தொடர்ச்சியாக 20, 25 ஆம்பியர்தான் தாங்கும். 0.1 ஓம் காயிலை சர்க்யூட் இல்லாத மெக்கானிக்கல் மாட் கருவியில் போட்டால் 42 ஆம்பியர் இழுக்கும். தடுக்க உள்ளே எதுவுமே இல்லை. சர்க்யூட் உள்ள கருவியில் வாட்தான் கணக்கு. ஒற்றை பேட்டரியில் 80 வாட் வைத்தால், அது 3.2 வோல்ட்டுக்கு இறங்கும் நேரத்தில் 25 ஆம்பியர் இழுக்கும். 2018இல் ஃபுளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்கிலும், 2019இல் டெக்ஸாஸின் ஃபோர்ட் வொர்த்திலும் வேப் கருவி வெடித்து இரண்டு பேர் உயிரிழந்தார்கள். காயில் செய்யப் பழகும் எவரும் மெக்கானிக்கல் மாட் பக்கமே போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஓம் மீட்டரில் அளக்காமல் எந்தக் காயிலையும் ஏற்றாதீர்கள். மேலுறை கிழிந்த பேட்டரியைப் பயன்படுத்தாதீர்கள். சட்டைப்பையில் சாவி, சில்லறையோடு பேட்டரியைப் போடாதீர்கள்.

திரியில் எண்ணெய் எதையும் விடாதீர்கள், வாசனைக்குக்கூட. 2019இல் அமெரிக்காவில் பரவிய நுரையீரல் பாதிப்பில், 2020 பிப்ரவரி வரையிலான கணக்கில் மட்டும் 68 பேர் இறந்தார்கள். கஞ்சா திரவங்களில் கலந்த வைட்டமின் ஈ அசிடேட் என்ற எண்ணெய்ப் பொருளோடுதான் அது முக்கியமாகத் தொடர்புபடுத்தப்பட்டது.

பஞ்சை எப்போது மாற்றுவது என்றும் கேட்பீர்கள். இனிப்பு கூடிய திரவம் என்றால் சீக்கிரமே காயிலில் கருப்பாகப் படிந்துவிடும். சுவை மங்கினாலோ, நடுப்பகுதி பழுப்பேறினாலோ மாற்றிவிடுங்கள். பஞ்சை எடுத்துவிட்டு, காந்தாலாக இருந்தால் லேசாகச் சிவக்க வைத்து, ஆறியதும் கழுவி, புதுப் பஞ்சு போடலாம்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. இந்தியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி மின்சிகரெட்டைக் கொண்டுவருவதும் விற்பதும் தடை. முதல் முறை பிடிபட்டாலே ஓராண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். சிங்கப்பூர் வழியாகப் போனால் அங்கே கையில் வைத்திருப்பதே குற்றம். கருவி, காயில், திரவம் மூன்றையும் இங்கேயே வீட்டில் வைத்துவிட்டு விமானம் ஏறுங்கள். வணக்கம்.