ஆடும் ஸ்டீயரிங், நழுவும் ஸ்டீயரிங்

வணக்கம் நேயர்களே. தென்னாப்பிரிக்காவின் டொங்காட்டில் நாற்பது வருஷம் ஒர்க்‌ஷாப் நடத்தியவன் நான். இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். ஆனாலும் பழைய ஃபோர் பை ஃபோர் வண்டி ஏதாவது வாசலில் வந்து நின்றால், "அப்பா, கொஞ்சம் வாங்க" என்று கூப்பிடுவான். லேண்ட் ரோவர், பழைய லேண்ட் குரூசர், முன்பக்கம் ஒரே அச்சாக இருந்த காலத்து ஹைலக்ஸ் பக்கி (பிக்கப் வண்டி), இவற்றைத்தான் சொல்கிறேன். நம் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களில் இந்த வண்டிகள் பட்ட பாடு கொஞ்சமில்லை. இன்றைக்கும் பல வீடுகளில் தாத்தா வாங்கிய வண்டியைப் பேரன் ஓட்டிக்கொண்டிருக்கிறான். அது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். அந்தப் பேரன் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும் என்பதற்காகத்தான் இன்று ஸ்டீயரிங் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

"அங்கிள், ஸ்டீயரிங் லூஸா இருக்கு" என்று வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். நேரான ரோட்டில் போகும்போது ஸ்டீயரிங் வீலின் கம்பி எந்தப் பக்கம் நிற்கிறது? நேற்று நின்ற இடத்திலேயே இன்றும் நிற்கிறதா?

ஏன் இதைக் கேட்கிறேன் என்றால், லூஸ் என்று நாம் சொல்வதில் இரண்டு தனித்தனி நோய் இருக்கிறது. ஒன்று ஆட்டம். வீலை இரண்டு விரல்கடை திருப்பினாலும் டயர் அசையாது, அதற்கு மேல் திருப்பினால் அசையும். விட்டால் பழைய இடத்துக்கே வரும். கம்பியின் இடம் மாறாது. இது தேய்மானம். பல வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வந்திருக்கும். இந்த வாரத்துக்குள் சரி பண்ண வேண்டும், அதுவரை மெதுவாக ஓட்டலாம். மற்றொன்று நழுவல். வீலைத் திருப்புகிறீர்கள், உள்ளே எங்கோ ஒரு பிடிமானம் வழுக்கிவிடுகிறது. விட்டால் பழைய இடத்துக்கு வராது. நேற்று நேராக நின்ற கம்பி இன்று வலது பக்கம் சாய்ந்து நிற்கும், நாளைக்கு இடது பக்கம் சாயும். கல்லிலோ கரையிலோ இடித்து ராடு வளைந்திருந்தாலும் கம்பி கோணும், ஆனால் கோணிய இடத்திலேயே நின்றுவிடும். நாளுக்கு நாள் இடம் மாறினால் அது நழுவல். அப்படி இருந்தால் அந்த வண்டியை ஒர்க்‌ஷாப் வரைக்கும்கூட ஓட்டி வராதீர்கள். கட்டி இழுத்து வருவதும் வேண்டாம், இழுக்கும்போதும் அந்த ஸ்டீயரிங்கைத்தானே பிடிக்க வேண்டும்? லாரியில் ஏற்றி அனுப்புங்கள்.

இந்த வித்தியாசத்தை நான் ஒரு வண்டியில் கண்ணால் பார்த்தேன். எங்கள் தெருவில் ஒரு பெரியவர், நாங்கள் எல்லோரும் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் 1978 மாடல் சீரிஸ் 3 லேண்ட் ரோவர். சானி பாஸ் ஏறிப் பார்க்க வேண்டும் என்று அவர் பேரனுக்கு ஆசை. அந்தப் பாதை லெசோத்தோ எல்லையில் 2,800 மீட்டருக்கு மேலே போகிறது. கல்லும் கொண்டை ஊசி வளைவும் நிறைந்த வழி. போவதற்கு முன் ஸ்டீயரிங் ஆட்டத்தைச் சரி செய்ய ஒரு இடத்தில் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள், வீலைத் திருப்புவதைச் சக்கரத்துக்கு அனுப்பும் பல்சக்கரப் பெட்டியான ஸ்டீயரிங் பாக்ஸில் இருக்கும் அட்ஜஸ்ட் ஸ்குரூவை இறுக்கிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு வாரம் நன்றாக இருந்ததாம். மறுபடி லூஸ். மறுபடி இறுக்கல். மூன்றாவது தடவைதான் சித்தப்பா என்னிடம் கொண்டுவந்தார். "என்னப்பா, பாக்ஸ் மாத்தணுமாம், நீ என்ன சொல்றே?" என்றார்.

வண்டியைக் கழுவாமல் கொண்டுவந்திருந்தார். அதற்கு அவருக்கு நன்றி சொன்னேன். இதை நேயர்கள் கவனிக்க வேண்டும். மெக்கானிக்கிடம் காட்டுவதற்கு முன் வண்டியின் அடியைக் கழுவாதீர்கள். இறுக்கமாக இருக்கும் இணைப்பில் சிவப்பு மண் ஒரே தோலாகப் படிந்திருக்கும். அசைகிற இணைப்பில் அந்தத் தோல் வெடித்து, இடுக்கில் மெல்லிய கோடு பளபளக்கும். உலோகமும் உலோகமும் உரசுகிற இடத்தில் மஞ்சள்தூள் மாதிரி, இன்னும் கொஞ்சம் சிவப்பாக, துருப்பொடி கசிந்து நிற்கும். எந்த இணைப்பு அசைகிறது என்பதற்கு அதுதான் முதல் சாட்சி. கழுவிவிட்டால் அந்தச் சாட்சி தண்ணீரோடு போய்விடும்.

சரி, எப்படிப் பார்ப்பது? இதற்கு இரண்டு பேர் வேண்டும். வண்டி நாலு சக்கரத்திலும் தரையில் நிற்க வேண்டும், எடை முழுக்கச் சக்கரத்தின் மேல் இருக்க வேண்டும். ஜாக்கியில் தூக்கிவிட்டால் டயர் சுலபமாகத் திரும்பிவிடும், பாரம் தாங்கும்போது தெரியும் ஆட்டம் வெளியே வராது. இன்ஜின் ஓட வேண்டாம். பவர் ஸ்டீயரிங் வண்டியாக இருந்தால் மட்டும் இன்ஜினை ஓட விடுங்கள், கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து. ஒருவர் சீட்டில் உட்கார்ந்து, சாவி போட்டு லாக்கை எடுத்துவிட்டு, வீலை இடமும் வலமுமாகச் சின்னதாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பெரிதாகத் திருப்பக் கூடாது. தொட்டில் ஆட்டுகிற மாதிரி.

மற்றவர் கண்ணை நம்பாமல் கையை நம்ப வேண்டும். ஸ்டீயரிங் தண்டு எங்கே பாக்ஸுக்குள் போகிறதோ அங்கே ஆரம்பித்து, டயர் வரைக்கும் ஒவ்வொரு இணைப்பாகக் கையை வைத்துக்கொண்டே போகணும். உள்ளங்கை ஒரு பாகத்தின் மேல், விரல் நுனி அடுத்த பாகத்தின் மேல். இரண்டும் ஒன்றாக அசைந்தால் அந்த இணைப்பு நல்லது, அடுத்ததுக்குப் போங்கள். உள்ளங்கைக்கு அடியில் அசைந்து, விரலுக்கு அடியில் அசையாமல் ஒரு நொடி தாமதித்தால், அங்கேதான் ஆட்டம். கண்ணுக்குத் தெரியாத அசைவு கூட விரலுக்கு 'டிக்' என்று தெரியும். டார்ச் லைட்டை விட இது எவ்வளவோ மேல்.

அன்றைக்குச் சித்தப்பாவின் பேரன்தான் சீட்டில் உட்கார்ந்து ஆட்டினான். நான் கோணிச்சாக்கை விரித்துப் படுத்தேன். பாக்ஸைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் அசையவில்லை. பாக்ஸே அசைகிற வண்டிகளும் உண்டு, சேசிஸில் மண்ணுக்கு அடியில் விரிசல் விட்டிருக்கும், அதனால் அதையும் தடவிப் பார்க்கணும். பாக்ஸிலிருந்து வெளியே வரும் கை, அதாவது டிராப் ஆர்ம், உடனுக்குடன் அசைந்தது. அதிலிருந்து முன்னால் போகும் ராடும், அதன் இரண்டு முனையிலும் இருக்கும் பால் ஜாயிண்டும் (உருண்டைத் தலையில் அசையும் இணைப்பு) நல்லவை. அடுத்து ரிலே. சீரிஸ் லேண்ட் ரோவரில் முன் குறுக்குக் கட்டைக்குள் செங்குத்தாக நிற்கும் ஒரு தண்டு அது. மேலே ஒரு ஆர்ம், கீழே ஒரு ஆர்ம். பாக்ஸிலிருந்து வரும் ராடு மேல் ஆர்மைத் தள்ளும், தண்டு திரும்பும், கீழ் ஆர்ம் சக்கரத்துக்குப் போகும் ராடை இழுக்கும். ஆர்ம்கள் இரண்டும் தண்டில் பல் பல்லாக வெட்டிய ஸ்பிளைனில் மாட்டி, ஒரு போல்ட்டால் நெருக்கிப் பிடிக்கப்பட்டிருக்கும்.

தண்டின் அடிமுனையில் கையை வைத்தேன், திரும்பியது. கீழ் ஆர்மில் விரலை வைத்தேன், சில தடவை கூடவே வந்தது, சில தடவை வரவில்லை. வருவதும் வராததும் ஒரே மாதிரி இல்லை என்பதுதான் என்னைப் பயமுறுத்தியது. எழுந்து வீட்டுக்குள் போய் மகளின் நகப்பூச்சை எடுத்து வந்தேன். தண்டின் முனையிலிருந்து ஆர்ம் வரைக்கும் ஒரே கோடாக ஒரு சிவப்புக் கீற்று போட்டேன். காயவிட்டு, "இப்ப கொஞ்சம் பலமாத் திருப்பு தம்பி" என்றேன். ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாவது தடவை 'டக்' என்று ஒரு சத்தம். கோடு நடுவில் முறிந்து, ஒரு பாதி ஒரு பல் தள்ளிப் போய் நின்றது. சித்தப்பாவையும் குனிந்து பார்க்கச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பேரனை வண்டியை விட்டு இறங்கச் சொன்னார்.

நெருக்கும் போல்ட் தளர்ந்து, ஸ்பிளைன் பற்கள் மழுங்கிப் போயிருந்தன. பாக்ஸை எத்தனை தடவை இறுக்கினாலும் இது சரியாகுமா? இறுக்கியதில் பாக்ஸ்தான் கடினமானது. அந்த ஸ்குரூ பாக்ஸுக்குள் தேய்ந்த இடைவெளிக்கு மட்டும்தான். பாக்ஸின் ஆட்டம் என்று கையால் உறுதி செய்த பிறகுதான் அதைத் தொட வேண்டும். அதுவும் ஸ்டீயரிங்கை நேராக வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக. இறுக்கிய பிறகு முன் சக்கரங்களைத் தூக்கி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பிப் பாருங்கள், எங்கேயாவது பிடித்தால் அதிகமாக இறுக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். ஸ்டீயரிங் டேம்பர் (ஷாக் அப்சார்பர் மாதிரியான ஒன்று) மாட்டி ஆட்டத்தை அமுக்குவதும் இதே கதைதான். கைக்குத் தெரிய வேண்டியதைத் தெரியாமல் செய்கிற வேலை அது. எனக்கு அதில் சம்மதமே இல்லை.

ரிலேயை மாற்ற வேண்டியிருந்தது. இங்கே ஒரு எச்சரிக்கை. அந்த ரிலேக்குள் மிகப் பலமான ஸ்பிரிங் ஒன்று அமுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. தெரியாமல் பிரித்தால் தோட்டா மாதிரிப் பாயும். முகத்தைக் கிழித்துவிடும். வீட்டில் செய்யும் வேலை அல்ல அது. முழு ரிலேயாக வாங்கி மாட்டுங்கள், இல்லையென்றால் அதற்கான கருவி வைத்திருப்பவரிடம் கொடுங்கள்.

கையோடு மற்ற இடங்களையும் பார்த்தோம். ஒரு முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, அச்சுக்கு அடியில் ஸ்டாண்ட் வைத்து, டயரின் உச்சியையும் அடியையும் பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டினேன். லேசாக ஆடியது. அது வீல் பேரிங்கா, சக்கரம் திரும்பும் கிங்பின்னா? பேரனை பிரேக்கை அமுக்கச் சொன்னேன். ஆட்டம் நின்றுவிட்டது. அப்போது வீல் பேரிங்தான். பிரேக் அமுக்கிய பிறகும் ஆடியிருந்தால் கிங்பின். பிறகு டயரின் இடது வலது ஓரங்களைப் பிடித்து ஆட்டினால் இரண்டு சக்கரத்தையும் சேர்க்கும் டை ராடின் ஜாயிண்ட் தெரிந்துவிடும்.

பால் ஜாயிண்ட் மாற்றும்போது ஒன்று பார்க்கணும். அதன் கூம்புத் தண்டு உட்காரும் ஓட்டை வட்டமாக இருக்கிறதா? நட் தளர்ந்து ரொம்ப நாள் ஓடியிருந்தால் ஓட்டை முட்டை மாதிரி ஆகிவிடும். புது ஜாயிண்ட் போட்டாலும் நிற்காது. ஆர்மையே மாற்ற வேண்டும்.

இன்னொன்று, நம் பக்கத்தில் நிறைய வரும். ராடு, ஜாயிண்ட், பாக்ஸ் எல்லாம் நன்றாக இருக்கும், வண்டி மட்டும் ரோட்டில் அலையும். அப்போது வெளியே நின்று, உள்ளே ஒருவர் வீலை ஆட்டும்போது முன் அச்சையும் சேசிஸையும் சேர்த்துப் பாருங்கள். அச்சே பக்கவாட்டில் நகர்ந்தால் பிளேட் ஸ்பிரிங்கின் ரப்பர் புஷ் போய்விட்டது, இல்லையென்றால் ஸ்பிரிங்கை அச்சோடு கட்டும் யு போல்ட் லூஸ். அதற்கும் முன்னால் டயர் காற்றைப் பாருங்கள். வடக்கே மணல் பாதையில் ஓட்டக் காற்றை இறக்கிவிட்டு, திரும்பி வரும்போது அடிக்க மறந்து, "ஸ்டீயரிங் போச்சு" என்று வந்தவர்களை நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். பவர் ஸ்டீயரிங் வண்டியில் பெல்ட் வழுக்கினால் ஸ்டீயரிங் திடீரென்று கனக்கும், கீச்சிடும். அதையும் சிலர் நழுவல் என்பார்கள். அது வேறு.

ராடுகளைக் கழற்றி மாட்டினால் முன் சக்கரங்களின் கோணத்தையும் சரி பார்க்கணும். சீரிஸ் வண்டிக்கு இரண்டு முன் சக்கரங்களுக்கும் நடுவே முன்பக்க இடைவெளி பின்பக்க இடைவெளியை விட 1.2 முதல் 2.4 மில்லிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும். அச்சு உயரத்தில் டயரின் முன்பக்கம் சாக்பீஸால் குறி போட்டு அளந்துகொள்ளுங்கள். வண்டியை அரைச் சுற்று முன்னால் தள்ளி, அதே குறி பின்னால் வந்ததும் மறுபடி அளக்கலாம்.

சித்தப்பாவின் வண்டிக்குப் புது ரிலே, புது ஆர்ம், புது போல்ட் போட்டோம். ஏற்கெனவே அதிகமாக இறுக்கிய பாக்ஸைத் தளர்த்திச் சரி செய்தோம். வீல் பேரிங்கையும் பார்த்துவிட்டோம். பழைய ரிலேயில் போட்ட மாதிரியே புதியதிலும் நகப்பூச்சுக் கோடு ஒன்று போட்டேன். ஒவ்வொரு பயணத்துக்கும் முன் பேரன் குனிந்து அதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். மூன்று மாதம் கழித்து இருவரும் சானி பாஸ் ஏறி இறங்கி வந்தார்கள். வந்த அன்றைக்கே பேரன் என்னை வண்டிக்கு அடியில் படுக்கவைத்து டார்ச் அடித்துக் காட்டினான். சிவப்புச் சேறு அப்பியிருந்ததைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டுப் பார்த்தேன். கோடு ஒரே கோடாக இருந்தது.