ஒரு தடவை குட்டி போட்டாதான் நல்லதா? நாய், பூனைக் கருத்தடை பத்தி ஒரு சந்தேகம்

கேள்வி: பெரம்பூர்ல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. "எங்க லாப்ரடார் பெண் நாய்க்கு 10 மாசம், 24 கிலோ. முதல் ஹீட் (இனச்சேர்க்கைப் பருவம்) வந்து போன வாரம்தான் முடிஞ்சுது. ஒரு தடவையாவது குட்டி போட விடணும், இல்லன்னா உடம்புக்கு ஆகாதுன்னு எங்க அத்தை சொல்றாங்க. டாக்டர் கருத்தடை ஆபரேஷன் பண்ணச் சொல்றார். வீட்ல 6 மாச ஆண் பூனையும் இருக்கு. ரெண்டுக்கும் பண்ணலாமா, எப்போ பண்ணணும்?"

பதில்: ரெண்டுக்குமே பண்ணுங்கம்மா. பூனைக்கு இப்பவே பண்ணலாம். நாய்க்கு மட்டும் இன்னும் ரெண்டு மூணு மாசம் போகட்டும்.

முதல்ல உங்க அத்தை சொன்னதுக்கு வரேன். குட்டி போட்டா கர்ப்பப்பை சுத்தமாயிடும்னு நிறைய வீட்ல நம்பறாங்க. அக்கறையிலதான் சொல்றாங்க, ஆனா அது உண்மை இல்லை. பெண் நாய்க்கு ஒவ்வொரு ஹீட் முடிஞ்ச பிறகும், ஆண் நாயோட சேர்ந்தாலும் சேராட்டியும், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் சுமார் ரெண்டு மாசம் ரத்தத்துல அதிகமாவே இருக்கும். அது கர்ப்பப்பையோட உள்சவ்வைத் தடிக்க வைக்கும், உள்ள சுரப்பு தேங்கும், கிருமியை எதிர்க்கிற சக்தி அந்த இடத்துல குறையும். வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை இப்படியே நடந்து நடந்து, ஒரு தடவை கிருமி உள்ள தங்கிடுச்சுன்னா கர்ப்பப்பை முழுக்க சீழ் கட்டிக்கும். பயோமெட்ரான்னு டாக்டருங்க சொல்றது இதைத்தான். ஸ்வீடன்ல கருத்தடை பண்ற பழக்கம் குறைவு. அங்க இன்சூரன்ஸ் பதிவுகளை வெச்சுப் பார்த்தப்ப, 10 வயசுக்குள்ள ஏறக்குறைய நாலு பெண் நாயில ஒண்ணுக்கு இது வந்திருந்தது. கருத்தடை பண்ணச் சொல்றதுக்கு இந்த ஒரு நோய்தான் பெரிய காரணம்.

அறிகுறி பெரும்பாலும் ஹீட் முடிஞ்சு ஒண்ணுல இருந்து ரெண்டு மாசத்துல தெரியும். வழக்கத்துக்கு மேல தண்ணி குடிக்கும், அடிக்கடி சிறுநீர் போகும், சாப்பாடு வேண்டாங்கும், வாந்தி எடுக்கும். ஒரு கிலோ எடைக்கு 100 மில்லிக்கு மேல குடிச்சா சந்தேகப்படணும். உங்க நாய்க்கு அது ஒரு நாளைக்குச் சுமார் இரண்டரை லிட்டர். கர்ப்பப்பை வாய் திறந்திருந்தா சீழ் வெளிய வடியும், கண்ணுக்குத் தெரியும். மூடியிருந்தா ஒண்ணுமே தெரியாது, வயிறு மட்டும் உப்பும். உள்ளயே கிழிஞ்சு விஷம் ரத்தத்துல கலந்தா உயிரே போயிடும். அப்பவும் இதே ஆபரேஷன்தான் பண்ணணும். ஆனா வயசான, காய்ச்சலடிக்கிற, கிட்னி பாதிச்ச நாய்க்கு ராத்திரியில அவசரமா பண்றதுக்கும், நல்லா ஓடியாடுற ஒரு வயசு நாய்க்கு நாள் குறிச்சுப் பண்றதுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு யோசிங்க.

இதோட சேர்த்து இன்னொண்ணு. ஹீட் வராம இருக்க ஊசி போடுங்கன்னு சிலர் கேக்கறாங்க. தயவுசெஞ்சு போடாதீங்க. அதுல இருக்கறதும் புரோஜெஸ்டிரோன் வகை மருந்துதான். சீழ் பிடிக்கிறதும் மடியில கட்டி வர்றதும் அதனால கூடும். மடிக்கட்டிக்கும் ஹார்மோனுக்கும் தொடர்பு இருக்கு. சீக்கிரம் கருத்தடை பண்ணினா அந்த ஆபத்து குறையும், ஒவ்வொரு ஹீட்டா தள்ளிப் போகப் போக அந்தப் பலன் தேயும். குட்டி போட்டுப் பால் கொடுத்தா கட்டி வராதுங்கறதுக்கு ஆதாரம் இல்லை.

அப்படின்னா ஏன் இன்னைக்கே பண்ணக் கூடாது? ரெண்டு காரணம். ஹீட் சமயத்துல கர்ப்பப்பைக்குப் போற ரத்தக்குழாய் எல்லாம் புடைச்சிருக்கும், திசு மெத்துனு கிழியும், ரத்தப்போக்கு அதிகமாகும். ஹீட் முடிஞ்சும் சில நாய்க்குப் பொய்ச்சினை வந்து, அதாவது சினை இல்லாமலே சினை மாதிரி ஆகி, மடியில பால் சுரக்கும். அது வத்தறதுக்குள்ள பண்ணினா பால் நிக்காம இழுத்தடிக்கும். அதனால ரெண்டரை, மூணு மாச இடைவெளி விடுங்க. ரெண்டாவது காரணம் இனம். எலும்பு வளர்ச்சியை நிறுத்தச் சொல்றதுல இந்த ஹார்மோன்களுக்கும் பங்கு இருக்கு. லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்ட் மாதிரி பெரிய இனத்துக்கு ரொம்பச் சின்ன வயசுல எடுத்துட்டா மூட்டுப் பிரச்சினை கூடுதலா வருது. ஒரு வயசு தாண்டினா நல்லது. உங்க கணக்குல ரெண்டும் ஒண்ணா அமையுது, 12, 13 மாசத்துல பண்ணிடலாம். நாட்டு நாய், பொமரேனியன், பக் மாதிரி சின்ன உடம்புக்காரங்களுக்கு 6 மாசத்துல பண்ணலாம்.

சென்னையில நான் ரொம்ப வலியுறுத்திச் சொல்றது ரத்தப் பரிசோதனை. நம்ம ஊர் வெக்கைக்கு உண்ணி வருஷம் முழுக்க இருக்கும். உண்ணிக் காய்ச்சல் உள்ள இருந்தும் நாய் நல்லா சாப்பிடும், வாலாட்டும். ஆனா பிளேட்லெட் குறைஞ்சிருக்கும். அது தெரியாம கத்தி வெச்சா ரத்தம் உறையாது. பிளேட்லெட் 2 லட்சத்தை ஒட்டி இருக்கணும், ஒரு லட்சத்துக்குக் கீழ இருந்தா ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுட்டு முதல்ல காய்ச்சலுக்கு மருந்து. எர்லிக்கியான்னு (உண்ணி பரப்பற ஒரு கிருமி) வந்தா டாக்ஸிசைக்ளின் மருந்து 28 நாள் வரைக்கும் போகும். பாதியில நிறுத்தாதீங்க. கிட்னி, லிவர் அளவும் பார்த்துடுங்க. தடுப்பூசி பாக்கி இருந்தா ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே போட்டுடணும்.

முந்தின ராத்திரி 9, 10 மணிக்குச் சாப்பாட்டை நிறுத்திடுங்க. காலையில ஒரு பிஸ்கட்கூட வேண்டாம். மயக்கத்துல வாந்தி நுரையீரலுக்குள்ள போனா அதுதான் பெரிய ஆபத்து. தண்ணி, கிளம்பற வரைக்கும் குடிக்கலாம். தவறிப்போய் ஏதாவது சாப்பிட்டுட்டா மறைக்காம டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, வேற தேதி கொடுப்பாங்க. ஆபரேஷன்ல தொப்புளுக்குக் கீழ சின்னதா கீறி, சினைப்பை ரெண்டையும் கர்ப்பப்பையையும் எடுப்பாங்க. பெரும்பாலும் அன்னைக்கு சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.

முதல் 24 மணி நேரம் ஈறைப் பாருங்க. விரலால அழுத்தி விட்டா ரெண்டு செகண்டுக்குள்ள ரோஸ் நிறம் திரும்பணும். ஈறு வெளுத்து, நாய் துவண்டு, வயிறு பெருத்தா உள்ள கட்டின முடிச்சு நழுவி ரத்தம் கசியுதுன்னு அர்த்தம். காலையில பார்த்துக்கலாம்னு இருக்காதீங்க. அதுக்கப்புறம் தையல் கெடறதுக்குப் பெரிய காரணம் நக்கறதுதான். பாவமா இருக்குன்னு கழுத்துல மாட்டின கோனை ராத்திரி கழட்டி விடறாங்க, காலையில பார்த்தா தையல் பிரிஞ்சிருக்கும். தையல் எடுக்கற வரைக்கும், 10ல இருந்து 14 நாள், கோன் கழுத்துலயே இருக்கட்டும். குளிப்பாட்டக் கூடாது, மாடிப்படி, சோபா ஏறவிடக் கூடாது. மஞ்சள், பவுடர் எதையும் பூசாதீங்க. மொட்டை மாடியில, வாசல்ல கட்டாதீங்க. ஈ மொய்ச்சா புண்ணுல புழு வெச்சிடும்.

குண்டாகும்னு சொல்றது பாதி உண்மை. ஆபரேஷனுக்கு அப்புறம் உடம்புக்குத் தேவைப்படற சக்தி கால்வாசி வரைக்கும் குறையும், பசி கூடும். நாம அதே அளவு போட்டா ஏறத்தான் செய்யும். 300 கிராம் போடற இடத்துல 225 போடுங்க, மாசம் ஒரு தடவை எடை பாருங்க, விலாவைத் தடவினா எலும்பு கைக்குத் தட்டுப்படணும். பெரிய பெண் நாய்கள்ல சிலதுக்குப் பின்னாடி தூக்கத்துல சிறுநீர் கசியறது உண்டு. இதை மறைக்க வேண்டியதில்லை, மருந்துக்குக் கேக்கும். காவல் காக்கிற குணமெல்லாம் போகாது. அதே சமயம், பயத்துல கடிக்கிற நாய்க்கு இது மருந்து ஆகாது. அதுக்குப் பயிற்சிதான் வேணும்.

செலவு கவலைன்னா வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில விசாரிங்க. 1903ல இருந்து இருக்கற கல்லூரி அது.

இப்ப பூனை. ஆண் பூனைக்கு 5, 6 மாசம்தான் சரியான நேரம். சுவர்ல, திரைச்சீலையில சிறுநீர் பீய்ச்சற பழக்கம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பண்ணினா பெரும்பாலும் அது வராமலே போயிடும். ராத்திரி சுத்தப் போய் சண்டையில கடிபட்டு வர்றதும் குறையும். ரொம்பச் சின்ன ஆபரேஷன், பல நேரம் தோல்ல தையலே இருக்காது. ஒரு வாரத்துக்கு மணலுக்குப் பதிலா கிழிச்ச பேப்பர் போடுங்க, மணல் புண்ணுல ஒட்டாது. ஆபரேஷன் ஆன உடனே கருத்தரிக்க வைக்கிற திறன் போயிடாது, சில வாரம் இருக்கும். அதுவரைக்கும் தெருப் பெண் பூனைங்ககிட்ட விடாதீங்க. வலிக்குதேன்னு வீட்ல இருக்கற பாராசிட்டமால் மாத்திரையைக் கால்வாசிகூடக் கொடுத்துடாதீங்கம்மா. பூனையோட லிவரால அதை உடைக்க முடியாது, ஒரே மாத்திரையில செத்துப் போயிடும். வலிக்கு டாக்டர் எழுதின மருந்தை, எழுதின அளவு மட்டும் கொடுங்க.