சுல்தானைத் தேடி நடந்து போன மேரி ஃபிஷர்

[திரையில்: எடிர்னே நகருக்கு வெளியே ராணுவக் கூடாரங்கள்]

1658ஆம் ஆண்டு. ஒட்டோமான் சுல்தான் நான்காம் மெஹ்மத் தன் படையோடு எடிர்னேயில், அதாவது இன்றைய துருக்கியில் உள்ள நகரத்தில், முகாமிட்டிருக்கிறார். வயது 16தான். அவரைப் பார்த்தே ஆக வேண்டும் என்று ஓர் ஆங்கிலேயப் பெண் வந்து நிற்கிறார். தூதரும் இல்லை, வியாபாரியும் இல்லை. யார்க்‌ஷயரில் ஒரு வீட்டில் வேலைக்காரியாக இருந்தவர். கடவுளிடமிருந்து சுல்தானுக்குச் சேதி கொண்டு வந்திருக்கிறாராம்!

இவர்தான் மேரி ஃபிஷர். தொடக்க கால குவேக்கர் ஊழியர்களில் ஒருவர்.

குவேக்கர்கள் யார்? இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் நடந்து, 1649இல் மன்னர் முதலாம் சார்லஸின் தலையையே வெட்டிவிட்டார்கள். மன்னரே போன பிறகு பாதிரியார் மட்டும் எதற்கு என்று கேட்கிற கூட்டங்கள் அந்தக் காலத்தில் நிறைய. அதில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவரைச் சுற்றிச் சேர்ந்தவர்கள் இவர்கள். கடவுளின் ஒளி எல்லாருக்குள்ளும் இருக்கிறது, ஆகவே சம்பளம் வாங்கும் குருவும் வேண்டாம், சடங்கும் வேண்டாம் என்றார்கள். கூடி மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள். யாருக்கு உள்ளிருந்து உந்துதல் வருகிறதோ அவர் எழுந்து பேசலாம், பெண்கள் உட்பட. மேரி போன்ற ஒருவருக்குப் பிரசங்கம் செய்ய வழி திறந்தது இப்படித்தான்.

மேரி வேலை பார்த்த ஊரின் பெயர் செல்பி. (கேமராவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) அந்த வீட்டில் எல்லாரும் குவேக்கர்களாக மாறினார்கள். 1652இல் உள்ளூர்ப் பாதிரியாரை எதிர்த்துப் பேசியதற்காக மேரி யார்க் கோட்டைச் சிறைக்குப் போனார்.

வெளியே வந்ததும் கேம்பிரிட்ஜ். 1653 டிசம்பரில், எலிசபெத் வில்லியம்ஸ் என்ற இன்னொரு பெண்ணோடு போய், சிட்னி சசெக்ஸ் கல்லூரி வாசலில் மாணவர்களுடன் வாதம். புகார் மேயரிடம் போனது. பெயர் என்ன என்று கேட்டார் மேயர். எங்கள் பெயர் ஜீவபுஸ்தகத்தில் (பைபிள் சொல்கிற, மீட்கப்பட்டவர்களின் பெயர்ப் பட்டியல்) எழுதியிருக்கிறது என்றார்கள். கணவர் பெயர்? இயேசு கிறிஸ்துதான் எங்கள் கணவர். மேயருக்குப் பொறுக்கவில்லை. சந்தையில் வைத்து, இடுப்புவரை ஆடையை உரித்து, ரத்தம் வரச் சவுக்கால் அடித்தார்கள்.

[வரைபடம்: பார்படோஸிலிருந்து பாஸ்டனுக்குக் கப்பல் வழி]

1656 ஜூலையில் ஆன் ஆஸ்டின் என்பவருடன் பார்படோஸ் வழியாக பாஸ்டன் துறைமுகத்துக்கு வந்தார். கவனியுங்கள், பாஸ்டனை ஆண்டவர்கள் பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான ஆங்கிலேய புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்கள். தங்கள் மார்க்கத்தைத் தங்கள் இஷ்டப்படி பின்பற்ற வேண்டும் என்று கடல் தாண்டி வந்தவர்கள். குவேக்கர்களைத் தண்டிக்க அப்போது அங்கே தனிச் சட்டம்கூட இல்லை. ஆனாலும் இருவரையும் சிறையில் அடைத்து, உடம்பில் சூனியக்காரியின் அடையாளம் இருக்கிறதா என்று ஆடை களைந்து சோதித்தார்கள். கொண்டுவந்த சுமார் 100 புத்தகங்களை எரித்தார்கள். யாரும் பேசிவிடக் கூடாது என்று சிறை ஜன்னலைப் பலகை வைத்து அடைத்தார்கள். நிக்கோலஸ் அப்சால் என்ற உள்ளூர் முதியவர் சிறைக்காவலருக்கு வாரம் 5 ஷில்லிங் கொடுத்துச் சாப்பாடு அனுப்பியிருக்காவிட்டால் பட்டினிதான். ஐந்து வாரம் கழித்துக் கப்பலில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். சட்டம் அப்புறம்தான் வந்தது, அதே ஆண்டு அக்டோபரில்.

சரி, சுல்தான் கதைக்கு வருவோம்.

1657இல் ஆறு குவேக்கர்கள் கிழக்கு நோக்கிக் கிளம்பினார்கள். ஸ்மிர்னாவில், அதாவது இன்றைய இஸ்மிரில், ஆங்கிலேயத் தூதரக அதிகாரி இவர்களைத் தடுத்து வெனிஸ் பக்கம் கப்பலேற்றிவிட்டார். மேரி விடவில்லை. கிரேக்கக் கரையில் இறங்கி, எடிர்னேக்கு நடந்தே போனார்.

அங்கே என்ன நடந்தது? சுல்தான் மரியாதையாக உட்காரவைத்து, பயப்படாமல் பேசச் சொன்னார். பேசி முடித்ததும், முகமது நபியைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். வில்லங்கமான கேள்வி. எனக்கு அவரைத் தெரியாது, அவர் சொன்னது நடக்கிறதா என்று பார்த்து நீங்களே தீர்மானியுங்கள் என்றார் மேரி. இஸ்தான்புல்வரை காவலுக்கு ஆள் அனுப்புகிறேன் என்றார் சுல்தான். வேண்டாம் என்றுவிட்டுத் தனியாகவே கிளம்பினார்.

இது முழுக்க குவேக்கர் தரப்பு சொல்லும் கதை. "துருக்கியர்கூட மதித்தார்கள், நீங்கள் அடித்தீர்கள்" என்று சொந்த நாட்டாரைக் குத்திக்காட்ட இதைவிடத் தோதான கதை அவர்களுக்குக் கிடைக்காது. அலங்காரம் சேர்ந்திருக்கலாம் என்பது என் சந்தேகம். ஆனால் மேரியின் கடிதம் இருக்கிறது. அந்த மக்கள் பல தேசத்தாரைவிட உண்மைக்கு நெருக்கமானவர்கள், அவர்கள் மேல் தனக்குத் தீராத அன்பு உண்டாகியிருக்கிறது என்று எழுதியிருக்கிறார்.

பிறகு 1662இல் வில்லியம் பெய்லி என்ற மாலுமியை மணந்தார். மூன்று குழந்தைகள். கணவர் இறந்தபின் ஜான் கிராஸ் என்பவரை மணந்து, தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் குடியேறினார். 1696இல் கப்பல் உடைந்து தப்பி வந்த ராபர்ட் பாரோ என்ற குவேக்கர் 1697இல் அந்த வீட்டில்தான் தங்கினார். துருக்கி சுல்தானிடம் பேசிய அந்த மேரி ஃபிஷர்தான் இவர் என்று ஊருக்குக் கடிதம் போட்டார். கிட்டத்தட்ட 40 வருடம் கழித்தும் அதுதான் அவரது அடையாளம்.

மறுவருடம் மேரி இறந்தார். அவர் விட்டுப்போன சொத்தில் ஓர் அடிமையும் உண்டு. அடிமை வைத்திருப்பது தவறு என்று பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுன் குவேக்கர்கள் மனு எழுதி அப்போது பத்து வருடம் ஆகியிருந்தது.